பாய்மர மீன்பிடிப் படகு மாதிரி: கோணல் தொடங்கும் இடம்

செய்து முடித்த படகு மாதிரியைப் பின்பக்கமிருந்து பார்க்கும்போது உடல் ஒரு பக்கமாக முறுக்கி நின்றால், கடைசியாக ஒட்டிய பலகைகள்மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம் வரும். ஆனால் அந்தக் கோணல் பெரும்பாலும் ஏராவின் மேல் வங்குகளை நிறுத்திய அன்றைக்கே வந்துவிடுகிறது. ஏரா என்பது படகின் அடிமரம். அதிலிருந்து விலா எலும்புபோல் எழும் சட்டங்கள் வங்குகள். இந்தக் கூடு நேராக அமைந்தால் மேற்கொண்டு வரும் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். கூடு கோணினால், பலகை பதித்த பிறகு திருத்த வழியே இல்லை.

முதலில் அளவு. 8 மீட்டர் படகை 1:20 அளவில் செய்தால் 40 செ.மீ. நீளம் வரும். 25 மி.மீ. பலகை 1.25 மி.மீ. ஆகும், 20 மி.மீ. கயிறு 1 மி.மீ. ஆகும். 6 மி.மீ. அகல ஆணித்தலை வெறும் 0.3 மி.மீ.தான். தலை 1 மி.மீ. அகலமுள்ள பித்தளை ஊசிகளை வரிசையாக அடித்தால் படகு முழுக்கக் குமிழ் குமிழாகத் தெரியும். அதைவிட, பென்சில் முனையால் புள்ளி வைப்பது எவ்வளவோ மேல்.

வரைபடத்தை அச்செடுத்ததும் அதிலுள்ள அளவுகோட்டை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 100 மி.மீ. இருக்கவேண்டிய கோடு ஒரு தாளில் 98, இன்னொரு தாளில் 100 என்று வந்தால் வங்கும் ஏராவும் ஒன்றோடொன்று பொருந்தாது. அடுத்து, வரைபடத்தின் கோடுகள் பலகையின் வெளிப்புறத்தைக் காட்டுகின்றனவா, உட்புறத்தையா என்று பாருங்கள். வெளிப்புறம் என்றால் ஒவ்வொரு வங்கின் விளிம்பிலிருந்தும் பலகையின் தடிப்பைக் கழித்துவிட்டுத்தான் வெட்டவேண்டும். இதை மறந்தால் படகு இரண்டு பக்கமும் சேர்த்து 2.5 மி.மீ. பருத்துப்போகும்.

வங்குகளை ஒட்டும்போது ஏராவை இரண்டு நேர்க்கட்டைகளுக்கு நடுவே இறுக்கிவிட்டு, ஒவ்வொரு வங்கையும் மூலைமட்டம் வைத்து நிறுத்துங்கள். பசை காய்ந்ததும் மெல்லிய, நன்றாக வளையும் மரச்சட்டம் ஒன்றைக் குறைந்தது மூன்று வங்குகளைத் தொடும்படி பக்கவாட்டில் படுக்கவையுங்கள். நடு வங்கைத் தொடாமல் இடைவெளி தெரிந்தால் அந்த வங்கு குட்டை. அங்கே மெல்லிய மரச்சீவல் ஒட்டி உயர்த்தவேண்டும். துருத்திக்கொண்டு நின்றால் தேய்க்கவேண்டும். அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, அருகே வங்கின் விளிம்பு பலகையோடு சேர்ந்து சரியவேண்டும். விளிம்பு செங்குத்தாகவே இருந்தால் பலகை ஒரு முனையில் மட்டும்தான் ஒட்டும். முதல் இரண்டு வங்குகளுக்கு நடுவே பால்சா என்னும் மெல்லிய மரக்கட்டை வைத்து நிரப்பினால் வளைவு சீராக வரும்.

இந்தத் தேய்ப்பில்தான் தூள் மிகுதியாகப் பறக்கிறது. சின்ன மாதிரிதானே என்று இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. மூக்குக்குழியே முதன்மையான இலக்கு. துணி முகமூடி போதாது. என்95 அல்லது எஃப்எஃப்பி2 வகையை அணியுங்கள். தூளை ஊதித் தள்ளாமல் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சியோ ஈரத்துணியால் துடைத்தோ எடுங்கள்.

பலகை பதிப்பதற்கு முன் ஒரு காகிதப் பட்டையை ஒவ்வொரு வங்கிலும் ஏராவிலிருந்து மேல்விளிம்புவரை சுற்றி அளந்துகொள்ளுங்கள். நடு வங்கில் 96 மி.மீ. வந்தால், 6 மி.மீ. அகலத்தில் பக்கத்துக்கு 16 பலகை வேண்டும். அணியத்தில் 64 மி.மீ.தான் இருக்கிறது என்றால் அங்கே ஒவ்வொரு பலகையும் 4 மி.மீ. ஆகக் குறுகவேண்டும். பாதி அகலத்துக்கும் கீழே குறுக்காதீர்கள். அந்த நிலை வந்தால் ஒரு வரிசையை இடையிலேயே நிறுத்திவிடலாம். பின்பக்கம் அளவு விரிந்தால் ஆப்பு வடிவப் பலகை ஒன்றைச் செருகவேண்டும்.

குறுக்காமல் முழு அகலத்தில் ஒட்டும்போது என்ன நடக்கும்? பலகை தட்டையான பக்கமாக எளிதில் வளையும். விளிம்புப் பக்கமாக வளைய மறுக்கும். விடாமல் அழுத்தினால் ஒரு விளிம்பு வெளியே எழும்பும். விரலால் தடவினால் ஓடுபோல் படிப்படியாகத் தட்டும். அதைத் தேய்த்துச் சமன் செய்யப் போனால் 1.25 மி.மீ. பலகையில் ஓட்டை விழும். ஆகவே குறுக்குவதைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது.

வளைக்கவேண்டிய பலகையைச் சுடுநீரில் கால்மணி நேரம் ஊறவைத்து, உடலில் கவ்வியால் பிடித்து, ஒரு இரவு காயவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது மரம் சுருங்கும். மறுநாள் பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் பதியுங்கள். ஒரே பக்கமாகப் பதித்துக்கொண்டு போனால் நேராக நின்ற ஏராவும் அந்தப் பக்கம் வளைந்துவிடும். மரத்தைப் பொறுத்தவரை நுண்ணிய இழையுள்ள லைம் (எலுமிச்சை அல்ல, லிண்டன் மரம்), பேரிக்காய் மரம் போன்றவை நல்லவை. தேக்கின் வரிகள் இந்த அளவில் பெருவரியாகத் தெரியும். அதிலுள்ள எண்ணெயால் பசையும் சரியாகப் பிடிக்காது.

பாய்மரமும், பாயைத் தாங்கும் குறுக்குக்கழியான பருமலும் ஏறிய பிறகு கயிறுகள். ஆஞ்சான் (பாயை ஏற்றும் கயிறு), தாமான் (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) முடிச்சுகளில் சூப்பர் க்ளூ வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பசை ஊறிய இடம் விறைத்து, அதன் ஓரத்திலேயே நூல் ஒடியும். நீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு துளி போதும். சூப்பர் க்ளூ பருத்தியில் பட்டால் சூடேறும். அளவு கூடினால் தோல் வெந்துபோகும், புகையும் கிளம்பும். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு அந்தப் பசையைத் தொடவே கூடாது.

பாய்க்கு மிக நெருக்கமாக நெய்த மெல்லிய துணி வேண்டும். தையல்மிஷின் தையல் இந்த அளவில் தாம்புக்கயிறு போலிருக்கும். துணிப்பட்டைகள் இணையும் இடத்தைப் பென்சிலால் கோடிட்டுக் காட்டினால் போதும். பழமை நிறத்துக்காகத் தேநீரில் தோய்க்காதீர்கள். அதன் அமிலத்தன்மை காலப்போக்கில் துணியை அரிக்கும்.

தண்ணீரில் ஓட்டும் ஆசை இருந்தால் ஒரு கணக்கு: 1:20-இல் பாயின் பரப்பு 400-இல் ஒரு பங்காகிறது, எடையோ 8000-இல் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால் அதே காற்றில் மாதிரி உடனே கவிழும். அடியில் மீன்துடுப்புபோல் நீரில் இறங்கும், கழற்றி மாட்டும் தகடும் அதன் நுனியில் ஈயக்கட்டியும் வேண்டும். ஈயத்தை வீட்டுக்குள் உருக்காதீர்கள், அரம்போட்டு ராவாதீர்கள். குழந்தைகள் கையில் படாமல் வண்ணம் பூசி மூடிவிடுங்கள். தொட்ட கையைக் கழுவிய பிறகே சாப்பிடுங்கள்.

கடைசியாக எண்ணெய்ப்பூச்சு. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டால், எண்ணெய் காற்றோடு வினைபுரியும் வெப்பம் உள்ளேயே தேங்கித் தானாகத் தீப்பற்றக்கூடும். துணியை வெளியில் ஒற்றையாக விரித்து, விறைப்பாகும்வரை காயவிடுங்கள். உடனே அப்புறப்படுத்தவேண்டும் என்றால், தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகரடப்பாவில் அமிழ்த்தி வையுங்கள்.