கொண்டை ஊசி வளைவில் பிறந்த கார்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்ப்பார்கள். இறங்கும்போது ஓட்டுநரின் காலைப் பார்ப்பார்கள். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு பிற்பகலில் நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கார், எங்கள் குடும்ப நண்பரான டாக்டர் ஒருவருடையது. பதினைந்து ஆண்டுகள் ஓடிய மெர்சிடிஸ் இ-கிளாஸ். ஓட்டிய அண்ணன் இளவயதில் இதே மலையில் காப்பி மூட்டை லாரி ஓட்டியவர். சில்வர் ஓக் மரங்களின் இலைகள் நனைந்து சாலையோடு சாலையாக ஒட்டிக் கிடந்தன. மேலிருந்து மூன்றாவது வளைவில், எதிரே ஏறி வந்த பஸ் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்பியது. அண்ணன் பிரேக்கை ஓங்கி மிதித்தார். பெடல் அவர் காலடியில் தடதடவென்று அதிர்ந்தது. கார் வழுக்காமல் பாறைப் பக்கம் ஒதுங்கி, பஸ்ஸுக்கு ஒரு முழம் இடம் விட்டு நின்றது.

"பழைய லாரியாக இருந்தால் நேராகப் போய் முட்டியிருக்கும், தம்பி" என்றார், மூச்சை விட்டுக்கொண்டே.

அந்தத் தடதடப்புக்குள் நூறாண்டு வரலாறு ஒன்று இருக்கிறது. மெர்சிடிஸ் என்றதும் மூன்று முனை நட்சத்திரமும் தோல் இருக்கையும் கல்யாண ஊர்வலமும்தான் நினைவுக்கு வரும். என் கண்ணுக்கு அது மலைச்சாலையில் பாடம் படித்த கார். அதன் வரலாற்றின் திருப்பங்கள் ஒரு மேட்டிலோ, ஒரு சரிவிலோ, ஒரு வளைவிலோதான் நடந்திருக்கின்றன.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை சுமார் 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறோம். ஆட்களோடு சேர்த்து காரின் எடை 2,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்தில் சேர்ந்திருக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 2 கோடி ஜூல். கீழே வந்து நிற்கும்போது அது முழுவதும் எங்காவது போயிருக்க வேண்டும். போகும் இடம் வெப்பம். 30 டிகிரியில் இருக்கும் 66 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. நான்கு குடத்துக்கும் மேல். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை, சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டும் இன்ஜினும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி அழுத்திக்கொண்டே இறங்கினால், தட்டை இறுக்கிப் பிடிக்கும் பட்டைகள் பிடிப்பை இழக்கும். அதையும் மீறிச் சூடேறினால் பிரேக் திரவமே கொதிக்கும். திரவம் நசுங்காது, அதனால்தான் கால் அழுத்தம் சக்கரம் வரை போகிறது. அதில் ஆவிக் குமிழி விழுந்துவிட்டால், குமிழி நசுங்குமே தவிர பிரேக் பிடிக்காது. பெடல் சேற்றில் மிதித்ததுபோல் உள்ளே போகும்.

"ஏறிய கியரிலேயே இறங்கு" என்று மலை ஓட்டுநர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் விதி இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துச் சிறிய கியரில் விட்டால், டீசல் போகாத இன்ஜின் வெறும் காற்றுப் பம்பாக மாறுகிறது. அதைச் சுற்றவைக்கும் வேலையில் காரின் வேகம் கரைகிறது. அந்த வெப்பம் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறிவிடும்.

நெடுந்தூர மோட்டார் பயணத்தில் இந்தச் சிக்கலை முதன்முதலாகச் சந்தித்தவர் ஒரு பெண். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் காரல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வண்டி ஓடியது, வாங்கத்தான் ஆளில்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லிக்கொள்ளாமல், தன் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு போர்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தூரம். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லாக் ஊரின் மருந்துக் கடையில், கறை நீக்கப் பயன்படும் லிக்ராய்ன் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மேடுகளில் வண்டி திணறியது. பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். சரிவுகளில் வேறு தொல்லை. மரத்தால் ஆன பிரேக் கட்டைகள் தேய்ந்துவிட்டன. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து, கட்டையின்மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்த் தேர்தான் நினைவுக்கு வரும். சேலம் கோட்டை அழகிரிநாதர் கோயில் தேர் வீதி வலம் வரும்போது, வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். தேரை ஆள்பவர்கள் சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடும் சிலர்தான். கட்டை சரியான நேரத்தில் விழாவிட்டால் எத்தனை ஆயிரம் கை இருந்தும் பயனில்லை. பெர்த்தா ஆணி அடித்து ஒட்டிய அந்தத் தோல்தான் இன்றைய பிரேக் பட்டைக்கு மூதாதை. தேய்வதற்கென்றே ஒரு பொருளை நடுவில் வைத்து, தேய்ந்ததும் அதை மட்டும் மாற்றுவது என்ற எண்ணம் மோட்டார் வண்டிக்கு அங்கே வந்தது. அவர் திரும்பி வந்து சொன்னதன் பேரில் மேடு ஏற இன்னொரு சிறிய கியரும் வண்டியில் சேர்ந்தது. ஏற்காட்டில் நாம் இரண்டாவது கியருக்கு மாறும்போதெல்லாம் தள்ளிக் களைத்த அந்தப் பையன்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

அடுத்த பாடம் கொடுமையானது. பிரான்சின் தென்கடற்கரையில் நீஸ் நகரத்திலிருந்து லா துர்பி என்ற மலையூருக்கு ஏறும் சாலையில் அக்காலத்தில் ஆண்டுதோறும் கார் பந்தயம் நடக்கும். 1900 மார்ச்சில் அங்கே இன்னொரு ஜெர்மன் கார் நிறுவனமான டைம்லரின் ஃபீனிக்ஸ் காரை ஓட்டிய வில்ஹெல்ம் பவர், முதல் வளைவிலேயே பாறையில் மோதி உயிரிழந்தார். கார் நீளத்தில் குறுகியும் உயரத்தில் ஓங்கியும் இருந்தது. கனமான இன்ஜின் மேலே உட்கார்ந்திருந்தது.

வளைவில் கார் ஏன் கவிழ்கிறது? 12 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால், காரை உள்பக்கம் திருப்ப அதன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு விசை பக்கவாட்டில் தேவைப்படும். அதே வளைவில் 40 கிலோமீட்டர் வேகம் போனால், எடைக்குச் சமமான விசை வேண்டும். வேகம் ஒன்றரை மடங்குக்குச் சற்றே கூடினாலும், விசை வேகத்தின் இருமடியில் ஏறுவதால் இரண்டரை மடங்காகிவிடுகிறது. அந்த விசை டயரின் அடியில், தரை மட்டத்தில் செயல்படுகிறது. காரின் ஈர்ப்பு மையமோ மேலே இருக்கிறது. காலை வாரிவிட்டால் தலை சாய்வதுபோல, அடியில் இழுக்க இழுக்க மேல்பகுதி வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆபத்து. சக்கரங்களுக்கிடையே எவ்வளவு அகலமோ அவ்வளவு பாதுகாப்பு. தேரை முனையில் அங்குலம் அங்குலமாகத் திருப்புகிறார்களே, அதே காரணம்தான்.

நீஸ் நகரில் டைம்லர் கார்களை விற்றுவந்த எமில் ஜெலினெக் என்ற வணிகருக்கு, அந்த விபத்துக்குப் பிறகு ஒன்று தெளிவாகிவிட்டது. நீளமான, அகலமான, தாழ்வான கார் ஒன்றைச் செய்து கொடுங்கள் என்று கேட்டார். 36 கார்களுக்கு ஆர்டரும் கொடுத்தார். அவர் போட்ட ஒரு நிபந்தனை, காருக்குத் தன் மகளின் பெயர் வைக்க வேண்டும். அந்தப் பெண் குழந்தையின் பெயர் மெர்சிடிஸ். ஸ்பானிய மொழியிலிருந்து வந்த சொல். கருணை என்று பொருள். பின்னர் 1903-இல் அவர் தன் பெயரையே ஜெலினெக்-மெர்சிடிஸ் என்று மாற்றிக்கொண்டார். மகளின் பெயரைத் தகப்பன் சுமந்த அரிய கதை.

வடிவமைத்தவர் டைம்லரின் பொறியாளர் வில்ஹெல்ம் மைபாக். 35 குதிரைத்திறன், 5.9 லிட்டர் இன்ஜினைச் சட்டத்துக்குள் தாழ்வாக இறக்கி வைத்தார். இன்ஜினின் அடிக்கூட்டை அலுமினியத்தில் வார்த்தார். சுழல்தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கு அலுமினியத்தில் 5 சதவீதம் மக்னீசியம் கலந்த மக்னாலியம். எடை குறைக்க அவர் தேடிப்போன இரண்டு உலோகங்களின் தாதுக்களும் நம் மண்ணில் கிடப்பவை. சேர்வராயன் மலையுச்சியின் செம்மண் பாக்சைட், அலுமினியத்துக்குத் தாய்; மலையடியில் வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் மாக்னசைட்டில் மக்னீசியம் இருக்கிறது. அந்தக் காருக்கு இங்கிருந்து எதுவும் போகவில்லை. ஆனாலும் பாக்சைட் லாரிகள் இறங்கிய வழியில் போகும்போது எனக்கு மைபாக் நினைவு வராமல் இருந்ததில்லை.

அவருடைய தேனடை ரேடியேட்டரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சதுர வாயுள்ள 8,070 சிறு குழாய்களைச் சேர்த்துக் கட்டி, குழாய்களுக்குள் காற்றும் அவற்றின் இடுக்குகளில் தண்ணீரும் ஓடும்படி செய்தார். ஒரே கன அளவில் பரப்பைப் பலமடங்காக்கும் வித்தை. வெப்பம் பரப்பின் வழியாகத்தான் வெளியேறும் என்பதால், முன்பு தேவைப்பட்டதில் பாதி, 9 லிட்டர் தண்ணீரே போதுமாயிற்று. மலையேற்றத்தில் இன்ஜின் கொதித்து நிற்கும் தொல்லைக்கு அது பெரிய விடை. 1901-இல் இந்தக் கார் அதே லா துர்பி சாலையில் ஏறியது. முந்தைய சாதனை சராசரி மணிக்கு 31.3 கிலோமீட்டர், இது 51.4. உயரமான குதிரை வண்டியில் இன்ஜினைப் பொருத்திய உருவம் அத்துடன் முடிந்து, கார் என்றால் இன்று நாம் மனத்தில் காணும் உருவம் வந்தது. 1926-இல் டைம்லரும் பென்ஸும் இணைந்தபோது மெர்சிடிஸ்-பென்ஸ் ஆயிற்று.

இனி அந்தத் தடதடப்புக்கு வருகிறேன். உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் ரப்பர், தொட்டிருக்கும் அந்தக் கணத்தில் தரையைப் பொறுத்து அசையாமல் நிற்கிறது. அங்கே செயல்படுவது நிலை உராய்வு. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்கினால் அது இயக்க உராய்வாகிவிடும், பிடிப்பு குறையும். ஆட்டுக்கல்லை நகர்த்தியவர்களுக்கு இது தெரியும், முதல் அசைவுக்குத்தான் பலம் அதிகம் வேண்டும். அதைவிட மோசமான விளைவு இன்னொன்று உண்டு. வழுக்கும் ரப்பருக்குத் திசை கிடையாது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும், உராய்வு வழுக்கும் திசைக்கு நேர் எதிராக மட்டுமே இழுக்கும். அண்ணன் சொன்ன லாரி நேராகப் போய் முட்டுவது இதனால்தான்.

பூட்டாத பிரேக், அதாவது ஏ.பி.எஸ்., 1978-இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்தது. பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு பல்வளையமும் உணரியும் சுழற்சியை எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு சக்கரம் திடீரென்று மற்றவற்றைவிட மெதுவானால் அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று பொருள். உடனே வால்வு அந்தச் சக்கரத்தின் அழுத்தத்தைத் தளர்த்தும். சக்கரம் மீண்டும் உருண்டதும் அழுத்தும். நொடிக்குப் பலமுறை இது நடக்கும்போது திரவம் குதிப்பதைத்தான் கால் தடதடப்பாக உணர்கிறது. பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. அழுத்தியபடியே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். ஓட்டிப் பழகியவர்கள்கூட இதை அறியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

1995-இல் எஸ்-கிளாஸின் இரண்டு கதவு வடிவமான கூப்பேயில் வந்த ஈ.எஸ்.பி., அதாவது கார் சறுக்கித் திசைமாறாமல் காக்கும் கருவி, இன்னும் ஒரு படி மேலே. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் போகச் சொல்கிறது, கார் உண்மையில் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தவில்லையென்றால் ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்கும். தேரைத் திருப்பும்போது ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை போடுவார்கள்; தேர் அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பும். கணிப்பொறி செய்வதும் அதையேதான். 1997-இல் இந்நிறுவனத்தின் புதிய சிறிய ஏ-கிளாஸ், ஸ்வீடனில் ஒரு சோதனை ஓட்டத்தில் கவிழ்ந்து உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. உயரமான கார், கூர்மையான திருப்பம்; லா துர்பியின் பழைய பாடம் மீண்டும் வந்தது. எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் ஈ.எஸ்.பி.யைக் கட்டாயமாகப் பொருத்தினார்கள். விலையுயர்ந்த கார்களில் மட்டும் இருந்த கருவி சிறிய கார்களுக்கு இறங்கியது அங்கிருந்துதான்.

மெர்சிடிஸ் 1994-இல் இந்தியாவுக்கு வந்தது, புனேயில் செய்கிறார்கள். அதன் விலையை எட்டிப் பிடிக்க முடியாதவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். ஆனால் 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு ஏறும் புதிய சிறு கார்களிலும் அந்தத் தடதடப்பு இருக்கிறது.

அன்று அடிவாரத்தில் இளநீர்க் கடை ஓரமாக வண்டியை நிறுத்தினோம். இறங்கி முன்சக்கரத்தின் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனேன். தொடாமலேயே அனல் அடித்தது. நான்கு குடம் தண்ணீரின் சூட்டில் தட்டுக்கு வந்த பங்கு அது. நடுவே இடைவெளி விட்ட இரட்டைத் தட்டின் வழியாகக் காற்று அதை மெல்ல எடுத்துக்கொண்டு போனது. என் கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "ஊற்றிவிடாதே தம்பி, தட்டு கோணிக்கொள்ளும்" என்றார் அண்ணன். தானாக ஆறட்டும் என்று காத்திருந்தோம். பக்கத்தில் வந்து நின்ற வேனின் சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்தது. அண்ணன் எழுந்து போய், அந்த இளம் ஓட்டுநரிடம் எந்தக் கியரில் இறங்கினாய் என்று விசாரிக்கத் தொடங்கினார்.