காகிதத்துக்கும் ஒரு போக்கு உண்டு: வீட்டு ஸ்டாரின் அறிவியல்

டிசம்பர் 3-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடிந்தால் குமரி மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் வேலை தொடங்கிவிடும். குளச்சல், முட்டம் பக்கத்துக் கடற்கரை ஊர்களானாலும் மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஊர்களானாலும் வீட்டு முகப்பில் ஒரு ஸ்டார் தொங்கியாக வேண்டும். கடையில் அச்சடித்த அட்டை ஸ்டார் கிடைக்கிறது, பிளாஸ்டிக்கும் கிடைக்கிறது. ஆனாலும் நாலு குச்சி, கொஞ்சம் கலர் பேப்பர், ஒரு கிண்ணம் மாவுப் பசையை வைத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஸ்டார் கட்டும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அவர்கள் கை பழக்கத்தில் செய்யும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் இயற்பியல் காரணம் இருக்கிறது. அது தெரிந்தால் குறைந்த செலவில் செய்ததும் நன்றாக நிற்கும்.

முதலில் காகிதம். அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான பொருள் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒரு செய்தித்தாளை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், ஏறக்குறைய நேர்கோடாகக் கிழியும். அதே தாளைக் குறுக்கே கிழித்தால் கோணல் மாணலாக எங்கேயோ போகும். தென்னங்கீற்று நீளவாட்டில் சர்ரென்று கிழிந்து, குறுக்கே முரண்டு பிடிப்பதைப் போலத்தான். காகிதம் என்பது செல்லுலோஸ் நார்களின் படுகை. ஆலையில் நார்க்கூழ் ஓடும் சல்லடையின் மேல் ஊற்றப்படும்போது நார்களில் பெரும்பாலானவை சல்லடை ஓடும் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. ஓடும் சல்லடை கொண்ட இந்த இயந்திரத்துக்கு 1799-இல் பிரான்சில் லூயி நிக்கோலா ராபர்ட் காப்புரிமை பெற்றார். அன்றிலிருந்து ஆலைக் காகிதம் எல்லாவற்றுக்கும் ஒரு போக்கு வந்துவிட்டது.

இந்தப் போக்குதான் நம் வேலையில் பாதியைத் தீர்மானிக்கிறது. நார் ஈரத்தை உறிஞ்சினால் பக்கவாட்டில் நன்றாக ஊதும், நீளத்தில் கூடுவது மிகக் குறைவு. ஆகவே ஈரம் பட்ட தாள் தன் போக்குக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். ஒரு சிறு சதுரத் தாளின் ஒரு முகத்தில் மட்டும் ஈரத் துணியை ஒற்றினால், ஈரம் பட்ட முகம் வெளிப்பக்கமாக அது குழாய்போலச் சுருளும். குழாய் எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ அதுவே அந்தத் தாளின் போக்கு. கடையில் வாங்கிய எந்தக் கலர் பேப்பருக்கும் இந்த ஒரு சோதனை போதும்.

நம் மாவட்டத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். இரண்டு பருவமழையும் பெறும் ஊர் இது. கிறிஸ்துமஸுக்கு அலங்காரம் செய்யும் நேரமோ வடகிழக்குப் பருவம் இன்னும் முழுதாக விலகாத நேரம். காற்றில் ஈரம், அதோடு கடல் காற்று. நேற்று விறைப்பாக ஒட்டிய தாள் இன்று காலையில் தொய்ந்து கிடப்பதற்குக் காரணம் ஒட்டியவரின் கைக்குறை அல்ல, நார்கள் இரவு முழுக்க ஈரம் குடித்திருக்கின்றன. ஸ்டாரின் கை ஒவ்வொன்றுக்கும் தாள் வெட்டும்போது போக்கு கையின் நீளவாட்டில் வரும்படி வெட்டினால் தொய்வு குறையும். விரிவு குறுக்கே நடக்கிறது, குறுக்கே இருப்பதோ குறைந்த அகலம்.

மடிப்புக்கும் இதே கதைதான். போக்கை ஒட்டி மடித்தால் கோடு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் நார்கள் நொறுங்கி விளிம்பு பிசிறடிக்கும். பழைய மாதக் காலண்டரின் பளபளப்புத் தாளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அதன் மேல் வெள்ளைக் களிமண் பூச்சு இருக்கிறது, குறுக்கே மடித்தால் பூச்சு விரிந்து வெள்ளைக் கோடு தெரியும். பசையும் அதில் சரியாக ஊறாது. காலண்டர் தாளை வீணாக்க மனம் வரவில்லை என்றால் பின்பக்கம் பூச்சில்லாமல் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தில் பசை தடவுங்கள்.

சரி, மடிப்பு ஏன் தாளுக்கு வலு தருகிறது? சாதாரண ஏ4 தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் மறுமுனை தொங்கிவிடும். அதையே விசிறி மடிப்பாக மடித்துப் பிடியுங்கள், குச்சிபோல நிற்கும். தாள் அதேதான், எடை அதே 5 கிராம்தான். மாறியது பொருள் எங்கே இருக்கிறது என்பது மட்டும். ஒரு பொருள் வளைவை எதிர்க்கும் திறன், அதன் நடுத்தளத்திலிருந்து பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் வர்க்கத்தைப் பொறுத்தது. மடிப்பின் உயரம் 5 மில்லிமீட்டர் என்றால் அது தடிமனைப்போல 50 மடங்கு, விறைப்போ கணக்கில் 2,500 மடங்கு. நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது, பாரம் ஏறினால் மடிப்பு விரிந்து கொடுத்துவிடும். அதனால்தான் விசிறி மடித்துச் செய்யும் வட்டப் பூவின் நடுவில் நூலால் இறுக்கிக் கட்டி, இரண்டு ஓரங்களையும் சேர்த்து ஒட்டுகிறார்கள். மடிப்பு விரிய வழி இல்லாமல் போனால் பழைய நோட்டுத் தாளில் செய்த பூகூடச் சுவரில் மாதக்கணக்கில் நிற்கும்.

குச்சி இல்லாமல் வெறும் தாளில் ஐந்து முனை ஸ்டார் வேண்டும் என்றால் ஒரே வெட்டில் செய்யலாம். தாளைப் பாதியாக மடித்து, மடிப்புக் கோட்டின் நடுப்புள்ளியை மையமாக வைத்து 36 பாகைக்கு ஒன்றாக ஐந்து பிரிவாக விசிறிபோல மடியுங்கள். பத்து அடுக்கு கொண்ட ஓர் ஒல்லியான முக்கோணம் கிடைக்கும். மையத்திலிருந்து ஒரு பக்கத்தில் 10 சென்டிமீட்டரிலும் மறுபக்கத்தில் 3.8 சென்டிமீட்டரிலும் புள்ளி வைத்து, இரண்டையும் சேர்த்து நேராக ஒரே வெட்டு. விரித்தால் பிசகில்லாத ஸ்டார். இந்த வித்தை ஐந்து முனையோடு நிற்பதில்லை. நேர்கோடுகளால் ஆன எந்த உருவத்தையும் தாளைத் தகுந்தபடி மடித்து ஒரே நேர்வெட்டில் எடுத்துவிடலாம் என்று 1990-களின் இறுதியில் எரிக் டிமெய்ன், மார்ட்டின் டிமெய்ன், அன்னா லுபிவ் ஆகியோர் நிறுவினார்கள்.

வெட்டிய ஸ்டாரை விரித்தால் தட்டையாகத்தான் இருக்கும். அது புடைத்து நிற்க வேண்டுமானால் முனைக்குப் போகும் மடிப்பெல்லாம் மேடாகவும் இடுக்குக்குப் போகும் மடிப்பெல்லாம் பள்ளமாகவும் இருக்க வேண்டும். நாம் மடித்த விதத்தில் பாதி ஸ்டாரில் அது சரியாக விழுந்திருக்கும், மறுபாதியில் தலைகீழாக இருக்கும். அந்த ஐந்து மடிப்புகளைத் திருப்பி அழுத்தினால் போதும். இதில் ஒரு சுவையான கணிதம் இருக்கிறது. தட்டையாக மடிந்து கிடக்கும் தாளில் ஒரு புள்ளியில் சேரும் மேட்டு மடிப்புகளின் எண்ணிக்கையும் பள்ள மடிப்புகளின் எண்ணிக்கையும் எப்போதும் இரண்டால் வேறுபடும். ஜப்பானியரான ஜுன் மேகாவாவின் பெயரால் வழங்கும் தேற்றம் இது. வெட்டும்போது நம் தாளில் இருந்தது ஆறும் நாலும், எனவே தட்டையாக மடிந்தது. திருப்பி அழுத்திய பின் ஐந்துக்கு ஐந்து. இனி அதை மடித்துத் தட்டையாக்க முடியாது, விரித்துத்தான் தட்டையாக்க முடியும். ஸ்டார் புடைத்தபடி இருப்பது அதனால்தான்.

ஆனால் என்னைக் கேட்டால் ஸ்டார் என்றால் குச்சி ஸ்டார்தான். சின்னதென்றால் ஈர்க்கில் போதும், இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்ட வேண்டும். பெரிதென்றால் மூங்கிலைக் கீறிச் சீவிய குச்சி. மூங்கிலில் நார் நெருக்கமாக இருப்பது வெளித்தோல் பக்கம். ஆகவே சீவும்போது உள்பக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், தோலை எடுத்துவிட்டால் குச்சி வலுவிழந்துவிடும். வளையும்போதும் தோல் வெளிப்பக்கம் இருக்கட்டும், இழுவிசை அங்கேதான் விழுகிறது.

ஒரே நீளத்தில் பத்துக் குச்சிகள் வேண்டும், ஒரு சட்டத்துக்கு ஐந்து. ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே போட்டு ஐந்து முனை வரும்படி கட்டுவார்கள். பழகிய கை கண்பார்வையிலேயே கட்டிவிடும். புதிதாகக் கட்டுபவருக்கு ஒரு கணக்கு உதவும். சரியான ஸ்டாரில் ஒவ்வொரு குச்சியும் மற்றக் குச்சிகளை வெட்டும் இரண்டு இடங்கள் அந்தந்த முனையிலிருந்து நீளத்தில் 38.2 சதவீதத்தில் இருக்கும். ஒரே வெட்டில் பார்த்தோமே, 10-க்கு 3.8, அதே விகிதம். 60 சென்டிமீட்டர் குச்சி என்றால் இரு பக்கமும் 23 சென்டிமீட்டரில் பேனாவால் குறி வையுங்கள். குறியும் குறியும் சேரும் இடத்தில் நூல் கட்டுங்கள். கட்டி முடித்தபின் பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கு இடையே எல்லாப் பக்கமும் 37 சென்டிமீட்டர் வருகிறதா என்று அளந்து பார்க்கலாம்.

இந்தச் சட்டம் ஏன் கோணலாகச் சாய்வதில்லை? நாலு குச்சியைச் சதுரமாகக் கட்டினால் ஒரு தள்ளில் சாய்ந்துவிடும். மூன்று குச்சி முக்கோணம் சாயாது, பக்க நீளம் மாறாமல் அதன் கோணம் மாற முடியாது. ஸ்டாரின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு குச்சிகள் சேர, மூன்றாவது ஒன்று குறுக்கே வெட்டிப் போகிறது. சுற்றிலும் ஐந்து முக்கோணங்கள், ஒன்று மற்றொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம்தான் அழகான கட்டம். இரண்டு சட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளிலும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு உள்ளே இருக்கும் ஐந்து சந்திப்புகளிலும் இரண்டு சட்டத்துக்கு நடுவே ஏழெட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள சின்னக் குச்சியை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். முதல் இரண்டு எளிதாகப் போகும். கடைசி ஒன்றைச் செருகும்போது விரலில் எதிர்ப்பு தெரியும், குச்சிகள் வில்லாக வளைந்து கிறீச்சென்று சத்தம் போடும். அந்த எதிர்ப்புதான் ஸ்டாரின் பலம். வளைந்த குச்சிகள் நிமிரப் பார்க்கின்றன, செருகிய குச்சிகள் அழுந்தியபடி அதைத் தடுக்கின்றன, முனைக் கட்டுகள் இழுபட்டு நிற்கின்றன. ஒன்றை ஒன்று எதிர்த்து நிற்பதால் எந்த இணைப்பிலும் தளர்வு இல்லை, காற்றில் ஆடினாலும் கடகடக்காது.

பசைக்கு மைதா போதும். ஒரு பங்கு மாவுக்கு நாலைந்து பங்கு தண்ணீர். பச்சைத் தண்ணீரில் கரைத்த மாவு ஒட்டாது, ஸ்டார்ச் மணிகள் அதில் வெறுமனே மிதக்கின்றன. சுமார் 60 பாகை செல்சியஸ் தாண்டும்போது அவை தண்ணீரை இழுத்து ஊதி, உள்ளே இருக்கும் நீண்ட மூலக்கூறுகளை வெளியே விடும். கரைசல் திடீரென்று கெட்டியாகும் கணம் அதுதான். நேரே கொதிநீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டுவதும் இதனால்தான், உருண்டையின் வெளிப்புறம் முதலில் வெந்து உள்ளே உலர்ந்த மாவைப் பூட்டிவிடுகிறது. ஸ்டார்ச்சும் செல்லுலோஸும் இரண்டுமே குளுக்கோஸ் கோத்த சங்கிலிகள், ஆகவே காய்ந்ததும் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. மரச்சீனி மாவு கையில் இருந்தால் இன்னும் நல்லது. அதில் புரதம் மிகக் குறைவு, பசை கண்ணாடிபோலத் தெளிவாக வரும், வெளிர்நிறத் தாளில் கறை தெரியாது. போஸ்டர் ஒட்டுபவர்கள் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் துத்தம் போடுவார்கள். அது தாமிர சல்பேட், விஷம். பிள்ளைகள் கைவைக்கும் வேலைக்கு அது வேண்டாம், அன்றன்றைக்குத் தேவையானதைக் கிண்டிக்கொள்ளலாம்.

தாளை ஒட்டும்முன் ஈரத் துணியால் லேசாக ஒற்றிவிடுங்கள். விரிந்த நிலையில் ஒட்டிய தாள் காயும்போது சுருங்கி, சட்டத்தில் விறைத்து நிற்கும். சாயம் வடியும் தாள் என்றால் ஒற்றுவது மிகமிக லேசாக இருக்கட்டும். கிரேப் பேப்பரில் இதைச் செய்யவே கூடாது, சாயமும் போகும், அதன் நுண்ணிய சுருக்கமும் போகும். அந்தச் சுருக்கத்தை வைத்துத்தான் இதழைக் குழிவாக இழுத்துப் பூச் செய்கிறோம்.

உள்ளே விளக்கு போட்டால் தாள் முழுவதும் ஒரே சீராக ஒளிர்வது ஏன்? நாருக்கும் நாருக்கும் இடையே காற்று இருக்கிறது. செல்லுலோஸின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, காற்றுக்கு 1. ஒவ்வோர் எல்லையிலும் ஒளி திசைமாறிச் சிதறுகிறது, பல்ப் இருக்கும் இடம் தெரியாமல் தாளே ஒளிர்வதாகத் தோன்றுகிறது. பழம்பொரி மடித்துத் தந்த தாளில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஊடுருவித் தெரிவதும் இதே காரணத்தால். தேங்காய் எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.45, காற்று இருந்த இடத்தை அது நிரப்பியதும் சிதறல் குறைந்துவிடுகிறது. தடித்த தாளில் வடிவம் வெட்டி அந்த இடத்தில் மட்டும் எண்ணெய் தடவிய மெல்லிய தாளை ஒட்டினால், கண்ணாடிப் பேப்பர் வாங்காமலே ஒளிச்சாளரம் தயார். எண்ணெய்த் தாளுக்குப் பக்கத்தில் மெழுகுவத்தியோ குண்டு பல்போ கூடவே கூடாது. குண்டு பல்ப் வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகத்தான் போகிறது. சிறிய எல்இடி பல்ப் போதும், அதுவும் தாளைத் தொடாமல் நடுவில் தொங்க வேண்டும். சிவப்பு ஸ்டாருக்கு நீலம் தூக்கலான குளிர்வெள்ளை எல்இடியைப் போட்டால் மங்கலாகத் தெரியும், சிவப்புத் தாள் விடக்கூடிய நிறம் அதில் குறைவு. மஞ்சள் சாயலுள்ள இளவெள்ளையைப் போடுங்கள்.

ஜனவரியில் இறக்கும்போது தாளை ஈரம் தொட்டு உரித்துவிட்டு, நடுவில் செருகிய ஐந்து குச்சிகளையும் எடுத்தால் சட்டம் தட்டையாகிவிடும். செருகு குச்சிகளை ஒரு ரப்பர் பேண்டில் போட்டுச் சட்டத்தோடு கட்டி மச்சில் வைக்கலாம். மாவுப் பசை ஒட்டியிருந்தால் பாச்சை வரும், அதனால் துடைத்து வெயிலில் காயவைத்த பிறகே ஏற்றுங்கள். அடுத்த ஆண்டுக்குத் தாளும் மாவும் மட்டும்தான் செலவு.