தீக்காயத் தழும்புக்கான அறுவைச் சிகிச்சையைக் காப்பீடு ஏற்க வேண்டும்

தீக்காயத் தழும்பு இறுகி, தாடை மார்போடு ஒட்டிப்போன ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை செய்யக் காப்பீட்டு நிறுவனத்திடம் அனுமதி கேட்டால், "இது அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரி, பாலிசியில் இதற்கு இடமில்லை" என்று பதில் வருவது இன்றும் நடக்கிறது. வடசென்னையில் ஒட்டுறுப்பு அறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவராகப் பணியாற்றும் நான் இத்தகைய கடிதங்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அவற்றுள் பல, விதிப்படி நிற்காதவை. அதை அறியாத குடும்பங்கள் நகையை அடகு வைக்கின்றன, அல்லது சிகிச்சையையே கைவிடுகின்றன.

விதி தெளிவாகவே இருக்கிறது. பாலிசிகள் எவற்றை விலக்கலாம், எந்த வாசகத்தில் விலக்கலாம் என்பதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019ஆம் ஆண்டில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வரையறுத்தது. அதில் எட்டாம் குறியீடு பெற்ற விலக்கு, தோற்றத்தை மாற்றும் சிகிச்சைகளைப் பற்றியது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியாகவும் உடனடியாகவும் உள்ள ஆபத்தை நீக்கும் சிகிச்சைக்கும் அந்த விலக்கு பொருந்தாது என்று அதே வாசகம் சொல்கிறது. மருத்துவத் தேவை என்பதற்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் சான்று வேண்டும். மறுப்புக் கடிதங்களோ முதல் பாதியை மட்டும் எடுத்துக்காட்டி நின்றுவிடுகின்றன.

இந்தச் சிகிச்சைகள் எதற்காகச் செய்யப்படுகின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆழமான தீக்காயம் ஆறும்போது தழும்பு சுருங்கிக்கொண்டே போகும். கழுத்தில் அது இறுகினால் தலையை நிமிர்த்த இயலாது. பின்னாளில் வேறு எந்த அறுவைக்காக மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தாலும் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது கடினமாகி, உயிருக்கே ஆபத்தாகலாம். கண்ணிமையை அது வெளிப்புறமாக இழுத்துவிட்டால், உறங்கும்போதும் கண் மூடாமல் கருவிழி உலர்ந்து புண்ணாகிப் பார்வை பறிபோகலாம். குழந்தையின் கையில் தழும்பு இருந்தால் எலும்பு வளரும், தழும்பு அதற்கு ஈடாக வளராது. விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். காசிமேட்டில் வலை இழுக்கும் விஞ்ச் இயந்திரத்தில் விரல் நசுங்கிய மீனவருக்கும், வியாசர்பாடிப் பட்டறையில் இயந்திரத்தில் கை சிக்கியவருக்கும், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிச் சக்கரம் ஏறிக் கால் தோல் முழுதும் உரிந்தவருக்கும் நாங்கள் மீட்டுத்தர முயல்வது உழைத்துப் பிழைக்கும் திறனை. வாய்ப்புற்றுநோய்க்காகத் தாடை எலும்பை அகற்றிய பின், காலின் மெல்லிய எலும்பை ரத்தக்குழாய்களோடு எடுத்து அங்கே பொருத்துகிறோம். அதன் பிறகுதான் அவரால் ஓரளவு மென்று உண்ணவும் புரியும்படி பேசவும் முடிகிறது. இதில் அழகு எங்கே வந்தது?

விதி இப்படி இருந்தும் க்ளெய்ம் தோற்பதற்கு, முன் அனுமதிப் படிவத்தில் "தழும்பு சீரமைப்பு" என்று மட்டும் எழுதப்பட்டிருப்பது ஒரு முக்கியக் காரணம். எனவே மருத்துவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள், உங்கள் கடிதம் அளவுகளைப் பேசட்டும். கழுத்து எத்தனை பாகை நிமிர்கிறது, வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, எந்த விரலால் எதைப் பிடிக்க முடியவில்லை, சிகிச்சை தள்ளிப்போனால் என்ன கேடு நேரும் என்பவற்றைத் தேதியிட்ட புகைப்படங்களோடு எழுதுங்கள். குடும்பத்தினர் விபத்தன்று மருத்துவமனையில் பதிவான ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலையும் முதல் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பத்திரப்படுத்த வேண்டும். மறுசீரமைப்பு பெரும்பாலும் ஒரே அமர்வில் முடிவதில்லை, குழந்தைகளுக்கு ஆண்டுகள் கழித்தும் தேவைப்படும். அப்போது பழைய காயத்தோடு தொடர்பைக் காட்டுபவை அந்தத் தாள்கள்தான். காயம் பட்ட பிறகு பாலிசி எடுப்பவர்கள் அதை மறைக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள பாதிப்புக்கான காத்திருப்புக் காலம், அதாவது அதற்குக் காப்பீடு கிடைக்காத தொடக்கக் காலம், 2024 முதல் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான். மறைத்தது தெரிந்தால் பாலிசியே கைவிட்டுப் போகலாம்.

விதியே போதாத இடங்களும் உண்டு. வெளியே தெரியும் பிறவிக் குறைகளைப் பல பாலிசிகள் விலக்குகின்றன. உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உள்ள குழந்தை பால் உறிஞ்சத் திணறுகிறது, காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைகிறது, பேச்சு தெளிவடைவதில்லை. இதைத் தோற்றக் குறையாக ஒதுக்குவது அநீதி என்றே நான் கருதுகிறேன். மார்பகத்தை இழந்த பெண்ணுக்கு மறுபக்கத்தையும் ஒத்த அளவாக்கும் சிகிச்சையைச் சேர்த்தே காப்பீடு ஏற்க வேண்டும் என்று அமெரிக்கா 1998ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. நம் விதியில் அந்த விளக்கம் இல்லை. இவ்விரண்டையும் ஆணையம் எழுத்தில் சேர்க்க வேண்டும் என்று மருத்துவச் சங்கங்கள் வலியுறுத்த வேண்டும்.

தனியார் பாலிசி இல்லாதோர், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கேளுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இஎஸ்ஐ அட்டை உள்ளோருக்கு அயனாவரம் மருத்துவமனை இருக்கிறது. கை அறுவைச் சிகிச்சையில் நாடறிந்த ஸ்டான்லி அரசு மருத்துவமனை நம் பகுதியிலேயே இருக்கிறது.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால் வாய்மொழிப் பதிலை ஏற்காமல், எந்த விதியின்கீழ் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதல் தராமல் எந்த க்ளெய்மையும் நிராகரிக்கக் கூடாது என்று ஆணையத்தின் 2024ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறுகிறது. எட்டாம் விலக்கின் முழு வாசகத்தையும் மருத்துவர் கடிதத்தையும் இணைத்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மனு அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்புடையதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் முறையிடலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.