கரீபியன் கப்பல் பயணத்தில் தீர்வையில்லா மது: ஒரு லிட்டரா, ஐந்து லிட்டரா?

அமெரிக்காவின் மியாமியிலோ ஃபோர்ட் லாடர்டேலிலோ கப்பலேறி, ஒரு வாரம் கரீபியன் தீவுகளைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களில் பலர், கரை இறங்கும் நாள் காலையில்தான் ஒரு கணக்கைப் போடத் தொடங்குகிறார்கள். வாங்கியது எத்தனை பாட்டில், அவற்றில் எத்தனைக்கு வரி கட்ட வேண்டியிருக்கும் என்பதே அந்தக் கணக்கு. அதைக் கடைக்குள் நுழைவதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது, ஏனெனில் விடை 1 லிட்டராகவும் இருக்கலாம், 2 லிட்டராகவும் இருக்கலாம், 5 லிட்டராகவும் இருக்கலாம். பாட்டில் எந்தத் தீவில் வாங்கப்பட்டது, அதற்குள் இருக்கும் மது எங்கே தயாரிக்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கான பதில்தான் அந்த அளவைத் தீர்மானிக்கிறது.

கடைப் பலகையில் ‘ட்யூட்டி ஃப்ரீ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அந்தப் பொருளுக்கு இனி எங்கேயும் வரி இல்லை என்று எண்ணிவிடுவது இயல்பு. உண்மையில் அந்தப் பலகை, விற்கும் இடத்தில் வரி சேர்க்கப்படவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. பொருள் எந்த நாட்டுக்குள் நுழைகிறதோ அந்த நாட்டின் சுங்கத் துறைக்கு, அது ட்யூட்டி ஃப்ரீ கடையில் வாங்கியதா, தெருமுனைக் கடையில் வாங்கியதா என்பது ஒரு பொருட்டே அல்ல. அமெரிக்கச் சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறை பார்ப்பது பயணிக்கு உரிய சலுகை அளவை மட்டும்தான். ஆகவே ட்யூட்டி ஃப்ரீ பை ஒட்டப்பட்டு முத்திரையிடப்பட்டிருந்தாலும், அளவு மீறினால் தீர்வை உண்டு.

அமெரிக்காவில் வசிப்பவர் வெளிநாடு சென்று திரும்பும்போது, சொந்தப் பயன்பாட்டுக்கோ அன்பளிப்புக்கோ உரிய பொருள்களை 800 டாலர் மதிப்பு வரை தீர்வையின்றிக் கொண்டுவரலாம். அதற்குள் அடங்குவதாக 1 லிட்டர் மதுபானம் அனுமதிக்கப்படுகிறது. இது தனிச் சலுகை அல்ல. அந்த 1 லிட்டரின் விலையும் 800 டாலர் கணக்கிலேயே சேரும். மெக்சிகோவின் கோசுமெல் துறைமுகத்தில் இறங்கி டெக்கீலா வாங்குகிறவருக்குப் பொருந்துவது இந்த அடிப்படை அளவுதான். 750 மில்லி பாட்டில் ஒன்று இதற்குள் அடங்கும். இரண்டு வாங்கினால் அரை லிட்டர் மிகையாகிவிடும்.

கரீபியன் கடலைச் சுற்றியுள்ள பல நாடுகளுக்கு அமெரிக்கா வணிகச் சலுகை அளித்து வருகிறது. ஜமைக்கா, பார்படாஸ், பஹாமாஸ், டொமினிகன் குடியரசு, பெலீஸ், ஹோண்டுராஸ் முதலியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்நாடுகளிலிருந்து திரும்புகிறவருக்கு மது அளவு 2 லிட்டராக உயர்கிறது. ஆனால் அதில் ஒரு லிட்டராவது இந்நாடுகளில் தயாரானதாக இருக்க வேண்டும். ஜமைக்காவின் ஆப்பிள்டன் ரம் ஒரு லிட்டர், ஸ்காட்லாந்து விஸ்கி ஒரு லிட்டர் என்று கொண்டுவந்தால் இரண்டும் தீர்வையின்றி வரும். ஜமைக்காவிலேயே வாங்கியிருந்தாலும் இரண்டு பாட்டிலும் ஸ்காட்லாந்து விஸ்கியாக இருந்தால், ஒன்றுக்குத்தான் சலுகை.

மிகப் பெரிய சலுகை அமெரிக்க வர்ஜின் தீவுகளுக்கு உரியது. செயின்ட் தாமஸ், செயின்ட் குரோய், செயின்ட் ஜான் என்னும் இம்மூன்று தீவுகளும் டென்மார்க்கின் ஆளுகையில் இருந்தவை; 1917இல் 25 மில்லியன் டாலர் கொடுத்து அமெரிக்கா அவற்றை வாங்கியது. செயின்ட் தாமஸில் உள்ள, இத்தீவுகளின் தலைநகரமான ஷார்லட் அமாலி டேனியர் காலத்திலேயே சுங்கமில்லாத் துறைமுகமாக வளர்ந்த ஊர். கப்பல் பயணிகள் இன்று மதுவும் நகையும் வாங்கும் முதன்மைத் தெருக் கடைகளுள் பல, அந்தக் காலத்துச் சரக்குக் கிடங்குகளின் கற்சுவர்களுக்குள்ளேதான் நடக்கின்றன. கொடி அமெரிக்கக் கொடி, புழங்கும் பணம் டாலர் என்றாலும், இத்தீவுகள் அமெரிக்காவின் சுங்க எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன. அதனால் அங்கிருந்து அமெரிக்க நிலப்பகுதிக்குத் திரும்புகிறவர் சுங்கச் சோதனையைக் கடக்க வேண்டியிருக்கிறது. அதே காரணத்தால் அவருக்குத் தனிச் சலுகையும் கிடைக்கிறது.

அந்தச் சலுகையின்படி மொத்த மதிப்பு வரம்பு 1,600 டாலர், மதுபானத்தின் அளவு 5 லிட்டர். இதில் இரண்டு நிபந்தனைகள் பின்னிக் கிடக்கின்றன. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் நேர்கிறது. முதலாவது, வர்ஜின் தீவுகள் போன்ற அமெரிக்க ஆட்சிப் பகுதிகளுக்கு வெளியே வாங்கிய மது 1 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டாவது, அப்பகுதிகளுக்கு வெளியே தயாரான மது 4 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. வாங்கிய இடம் வேறு, தயாரான இடம் வேறு என்பதை நினைவில் வைத்தால் கணக்கு எளிதாகிவிடும். ஒருவர் செயின்ட் தாமஸில் மூன்று லிட்டர் ஸ்காட்ச் விஸ்கியும், செயின்ட் குரோய் தீவில் தயாராகும் குரூசான் ரம் ஒரு லிட்டரும், கப்பலில் உள்ள கடையில் ஒரு லிட்டர் வோட்காவும் வாங்கினால், வெளியே வாங்கியது ஒரு லிட்டர், வெளியே தயாரானது நான்கு லிட்டர், ஆக ஐந்தும் சலுகைக்குள் அடங்கும். ரம்மை விட்டுவிட்டு அதற்குப் பதிலாக நான்காவது ஸ்காட்ச் பாட்டிலை எடுத்தால், மொத்த அளவு மாறாவிட்டாலும் ஒரு லிட்டருக்குத் தீர்வை விழும். ஷார்லட் அமாலிக் கடைக்காரர்கள் ‘ஒரு பாட்டில் உள்ளூர் ரம் எடுங்கள்’ என்று சொல்வதை விற்பனைத் தந்திரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது சட்டப்படியே சரி. குரூசான் பிடிக்காதவர் கேப்டன் மோர்கன் ரம்மின் அடையாளச் சீட்டையும் படித்துப் பார்க்கலாம். அந்நிறுவனத்துக்கும் செயின்ட் குரோயில் ஆலை உண்டு. அமெரிக்க வர்ஜின் தீவுகளின் தயாரிப்பு என்று சீட்டில் இருந்தால் போதும்.

750 மில்லி பாட்டில்களாக வாங்குகிறவருக்கு ஆறு பாட்டில்கள் வரை இடம் உண்டு: வெளியே தயாரானவை ஐந்து, உள்ளூர் ரம் ஒன்று என்று எடுத்தால் மொத்தம் நாலரை லிட்டர். ஏழாவது பாட்டில் வரம்பைக் கால் லிட்டர் தாண்டிவிடும்.

இடத்தைப் பற்றிய மூன்று தவறுகள் அடிக்கடி நிகழ்கின்றன. கப்பல் செயின்ட் தாமஸ் துறைமுகத்துக்குப் போய் வந்ததால், கப்பலுக்குள் இருக்கும் கடையில் வாங்கியதும் அந்தக் கணக்கில் சேரும் என்று சிலர் நம்புகிறார்கள். அது சேராது, வெளியே வாங்கிய ஒரு லிட்டராகவே எண்ணப்படும். பக்கத்திலேயே இருக்கும் டோர்டோலா தீவு பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளைச் சேர்ந்தது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் 5 லிட்டர் சலுகை அதற்குக் கிடைத்துவிடாது. புவேர்ட்டோ ரிக்கோவின் நிலை இதற்கு நேர்மாறானது. அது அமெரிக்கச் சுங்க எல்லைக்கு உள்ளேயே இருப்பதால், அதன் தலைநகரான சான் ஹுவானில் வாங்கிய பகார்டி ரம்மோ டான் கியூ ரம்மோ சலுகைக் கணக்கில் சேர்வதே இல்லை. அது சான் ஹுவானில் வாங்கியது என்பதைக் காட்ட ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும். ரசீதுகளைத் தீவு வாரியாகப் பிரித்து ஓர் உறையில் போட்டு வைத்தால் துறைமுகத்தில் பேச்சு குறையும்.

இச்சலுகைகளைப் பெற வயது 21 நிறைந்திருக்க வேண்டும். பஹாமாஸ் போன்ற நாடுகளில் 18 வயதிலேயே மது வாங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே வாங்கிய பாட்டிலை 19 வயதுப் பிள்ளை அமெரிக்காவுக்குள் கொண்டுவர முடியாது, அப்பாவுக்கான அன்பளிப்பு என்று சொன்னாலும் முடியாது. ஒரே வீட்டில் வசித்து ஒன்றாகத் திரும்பும் குடும்பத்தினர் தங்கள் டாலர் வரம்புகளைச் சேர்த்து ஒரே அறிவிப்பாகத் தரலாம். எனவே கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்கு 800 டாலர் நான்கு மடங்காகும். மது மட்டும் 21 வயது நிறைந்த இருவருக்கான அளவோடு நின்றுவிடும்.

பயணம் குறைந்தது 48 மணி நேரம் நீடித்திருக்க வேண்டும் என்பதும், முந்தைய 30 நாள்களுக்குள் இதே சலுகையைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது என்பதும் மற்ற நிபந்தனைகள். மெக்சிகோவிலிருந்தும் அமெரிக்க வர்ஜின் தீவுகளிலிருந்தும் திரும்புகிறவருக்கு 48 மணி நேர விதி பொருந்தாது. நிபந்தனை நிறைவேறாதவருக்குக் கிடைப்பது 200 டாலர் சலுகை மட்டுமே; அதில் மதுவின் அளவு வெறும் 150 மில்லி. காலையில் ஃப்ளோரிடாவில் புறப்பட்டு பஹாமாஸின் பிமினித் தீவுக்குப் போய் மாலையில் திரும்புகிறவர் ஒரு முழு பாட்டில் வாங்கினாலே வரம்பு மீறிவிடுகிறது.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோரையும் இத்தகைய பயணங்களுக்கு அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. மேலே சொன்ன 800, 1,600 டாலர் சலுகைகள் அமெரிக்காவில் வசிப்பவருக்கு உரியவை. பார்வையாளர் விசாவில் வந்தவருக்குச் சொந்தப் பயன்பாட்டுக்கென 1 லிட்டர் மது அனுமதிக்கப்படுகிறது. அப்பா, அம்மா பெயரிலும் ஐந்தைந்து லிட்டர் எழுதிவிடலாம் என்று திட்டமிட்டிருந்தால் அதைக் கைவிட்டுவிடலாம்.

வாங்கியபின் பாட்டில் உடனே கைக்கு வராது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது கப்பல் கடை மூடியிருக்கும். நடுக்கடலுக்குச் சென்றபின் திறக்கும். அங்கே வாங்கியதைக் கப்பல் ஊழியர்கள் தங்கள் காப்பில் வைத்துக்கொண்டு, பயணத்தின் கடைசி நாளன்றோ அதற்கு முந்தைய மாலையிலோ தருவார்கள். கரையில் வாங்கி வந்த பாட்டிலையும் ஏணிப்படியருகே உள்ள சோதனையில் வாங்கிவைத்துக்கொண்டு சீட்டுக் கொடுப்பார்கள். பாட்டிலை இப்படி வாங்கிவைப்பது அரசாங்க விதி அன்று, கப்பல் நிறுவனத்தின் விதி. ஒரு கோப்பைக்குப் பத்துப் பன்னிரண்டு டாலர் வாங்கும் மதுக்கூடத்தைத் தன் கப்பலிலேயே நடத்தும் நிறுவனம், பயணி அறைக்குள் சொந்த பாட்டிலைத் திறப்பதை விரும்பாது அல்லவா?

அளவு மீறினால் என்ன ஆகும் என்ற அச்சம், உண்மையான செலவைவிடப் பெரியது. சலுகைக்கு மேற்பட்ட பொருள்களில் அடுத்த 1,000 டாலர் மதிப்பு வரை பொதுவாக 3 சதவீதத் தீர்வை; வர்ஜின் தீவுகளில் வாங்கியவற்றுக்கு 1.5 சதவீதம். மதுவாக இருந்தால் இதோடு கூட்டாட்சிக் கலால் வரியும் சேரும். 40 சதவீத ஆல்கஹால் கொண்ட 750 மில்லி பாட்டிலுக்கு அது ஏறத்தாழ 2 டாலர் 14 சென்ட். சாதாரண ஒயின் பாட்டிலுக்கு இருபது முப்பது சென்ட்தான். ஆக, 30 டாலர் கொடுத்து வாங்கிய ஒரு மிகை பாட்டிலுக்குக் கட்ட வேண்டியது மூன்று நான்கு டாலருக்குள் முடிந்துவிடுகிறது. அந்தச் சிறு தொகைக்காக பாட்டிலை அழுக்குத் துணிக்குள் சுற்றி மறைத்துவிட்டுப் பிடிபட்டால், பொருள் பறிமுதலாவதோடு அதன் மதிப்புக்கு இணையான அபராதமும் விதிக்கப்படலாம். கரை இறங்கும்போது அலுவலர் கேட்டால் வாய்மொழியாகவோ, படிவம் தந்தால் அதில் எழுதியோ, சலுகைக்குள் அடங்குவது உட்பட எல்லாவற்றையும் தெரிவித்துவிட வேண்டும். எதைச் சலுகையில் சேர்ப்பது, எதற்கு வரி போடுவது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

பணம் கட்டினாலும் கொண்டுவர முடியாத ஒன்று கியூபாவின் ரம். 2015 ஜனவரி முதல் ஒரு மதிப்பு வரம்புக்குள்ளும், 2016 அக்டோபர் முதல் அந்த வரம்பு இல்லாமலும் பயணிகள் தங்கள் பையில் அதைக் கொண்டுவர அனுமதி இருந்தது. 2020 செப்டம்பர் 24 முதல் அந்த அனுமதி நீக்கப்பட்டுவிட்டது. பஹாமாஸின் தலைநகரான நாசோவிலும், கோசுமெலிலும் கியூபாவில் தயாரான ஹவானா கிளப் என்னும் ரம், கடைகளில் அடுக்கிவைத்து விற்கப்படுகிறது. விற்பவர் குற்றம் செய்யவில்லை, அமெரிக்கக் கரையில் இறங்குகிறவர்தான் அதை இழப்பார்.

கூட்டாட்சிச் சலுகையோடு மாநிலச் சட்டமும் குறுக்கிடுகிறது. கப்பல் வந்து சேரும் மாநிலத்தின் மதுச் சட்டத்துக்கு முரணாக எதையும் சுங்கத் துறை விடுவிக்காது. டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் இதை நேரிலேயே காணலாம்: கூட்டாட்சிச் சுங்க அலுவலர்களைக் கடந்து வந்தபின், டெக்சாஸ் மதுபான ஆணையத்தின் அலுவலர்கள் தனியாக அமர்ந்து பாட்டில் கணக்கில் மாநில வரியும் ஒரு சிறு கட்டணமும் வசூலிக்கிறார்கள். கூட்டாட்சித் தீர்வை இல்லை என்பதற்காக இந்த வரி நீங்குவதில்லை. மிகை பாட்டிலின் விலையை ஒப்பிடுகிறவர்கள் இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும், ஏனெனில் பெருநகரப் பேரங்காடியில் கிடைக்கும் விலைக்கும் கப்பல் கடை விலைக்கும் சில வகை விஸ்கிகளில் வேறுபாடு மிகக் குறைவு.

துறைமுகத்திலிருந்து விமானத்தில் வீடு திரும்புகிறவருக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. உள்நாட்டு விமானத்தின் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் பாட்டில் அனுமதிக்கப்படுவதில்லை. கப்பலில் தந்த முத்திரைப் பை அங்கே உதவாது. பாட்டில்களைச் சரக்காக ஏற்றும் பெட்டிக்குள் வைத்தாக வேண்டும். 24 முதல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளவை, முத்திரை உடையாத விற்பனைப் பாட்டில்களாக ஒருவருக்கு 5 லிட்டர் வரை செல்லும். ஒயின், பீர் போன்ற 24 சதவீதத்துக்கு உட்பட்டவற்றுக்கு இந்த அளவு வரம்பு இல்லை. 70 சதவீதத்துக்கு மேற்பட்டது எந்தப் பெட்டியிலும் ஏறாது. குரூசான் ரம்மிலேயே 151 என்று எண்ணிட்ட வகை ஒன்று உண்டு. அதன் ஆல்கஹால் 75.5 சதவீதம். சுங்கத்தில் 5 லிட்டர் சலுகைக்கு உரிய உள்ளூர் ரம்மாக அது சரியாகப் பொருந்தும், காரில் வீட்டுக்குப் போகிறவருக்கு ஒரு தடையும் இல்லை. விமானத்துக்குப் போகிறவர் அதை நிலையத்தில் விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டியிருக்கும்.