24-ஆவது நொடியில் வரும் எதிரொலி

தெற்கு திபெத்தில் துளை போட்டு வெடி வைத்தால், அந்த அதிர்வு புவியின் மேலோட்டைக் கடந்து அடியில் மோதித் திரும்பி வர ஏறக்குறைய 24 நொடி பிடிக்கும். பாறைக்குள் அலையின் சராசரி வேகம் நொடிக்கு 6.2 கிலோமீட்டர் என்று வைத்தால், போக வர 150, ஆழம் 75 கிலோமீட்டர். சாதாரணக் கண்டப் பகுதிகளில் மேலோடு 35, 40 கிலோமீட்டர்தான். இந்தியத் தட்டு ஆசியாவுக்கு அடியில் சொருகுவதால்தான் இங்கே இத்தனை தடிமன்.

1992-இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் தொடங்கிய 'இன்டெப்த்' திட்டம் இந்த எதிரொலியைத்தான் தேடிப் போனது. வெடி மேல்மண்ணில் இருக்கக் கூடாது. இருந்தால் ஆற்றலில் பெரும்பகுதி தரையோடு ஓடும் அலையாகவே வீணாகிவிடும். அதனால் பல பத்து மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, வெடிமருந்தை இறக்கி, மேலே இறுக்கமாக மூடுவார்கள். 4,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவு; துளையிடும் கம்ப்ரசரே மூச்சுவாங்கும்.

தரையில் வரிசையாக ஜியோபோன்கள், அதாவது நில அதிர்வைப் பதியும் கருவிகள். 50 மீட்டருக்கு ஒன்றாக 120 இடங்களில் பதித்து, 200 மீட்டருக்கு ஒரு வெடி வைத்தால், நிலத்தடியின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் 15 எதிரொலிப் பதிவுகள் கிடைக்கும். அவற்றைக் கூட்டினால் காற்று, வண்டி, ஆற்றின் இரைச்சல் சிக்னலோடு ஒப்பிடுகையில் கால்வாசியாகக் குறையும். கூட்டாமல் வழியில்லை: மேலோடு முடிந்து அடுத்த அடுக்கு தொடங்கும் 'மோகோ' எல்லையில் பட்ட அலையாற்றலில் மிகச் சிறு பங்குதான் திரும்பும்.

ஆனால் கூட்டுவதிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஒரு ஜியோபோன் கெட்டிப் பாறையில், அடுத்தது 20 மீட்டர் தடிமனான சரளை மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரளையில் அலை நொடிக்கு 800 மீட்டர்தான் போகும். 20 மீட்டரைக் கடக்க 25 மில்லிநொடி. பாறையில் அதே தூரத்துக்கு 4 மில்லிநொடி. வித்தியாசம் 21. சிக்னல் 20 ஹெர்ட்ஸ் என்றால் அதன் அரை அலை 25 மில்லிநொடி. இரண்டு பதிவுகளையும் அப்படியே கூட்டினால், மேடும் பள்ளமும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தின்றுவிடும். 150 கிலோமீட்டர் பயணத்தைக் கெடுக்கக் கடைசி 20 மீட்டர் போதும்! ஆகவே ஒவ்வொரு ஜியோபோனுக்கும் முதலில் வந்து சேரும் அலையை வைத்து இந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுக் கழிப்பார்கள். அலுப்பான வேலைதான், ஆனால் படம் தெளிவதும் கலங்குவதும் இங்கேதான்.

அடுத்த தொல்லை சாய்வு. சாய்ந்த பரப்பின் எதிரொலி நேர் கீழிருந்து வராது, பக்கவாட்டிலிருந்து வரும். கணினியில் அதை உரிய இடத்துக்கு நகர்த்தியாக வேண்டும். மலைச்சாலை வேறு வளைந்து வளைந்து போகும். கோட்டுக்கு வெளியே இருக்கும் மலைச்சரிவின் எதிரொலி அடியாழத்துப் பரப்பு போலவே வேஷம் போடும்.

இத்தனையும் சரிசெய்த பிறகு ஒரு நீண்ட பிரதிபலிப்பு தெரிந்தது. தெற்கே சுமார் 28 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கி, வடக்கே 40 வரை மெல்லச் சாய்ந்து இறங்கியது. அதன் மேல்தான் இமயம் சறுக்குகிறது. 2015-இல் நேபாளத்தை உலுக்கிய 7.8 அளவு நிலநடுக்கத்தில் வழுக்கியதும் இதே பிளவுப் பரப்பின் ஆழம் குறைந்த தென்பகுதிதான்.

வெடி இல்லாமலும் வழி உண்டு. தொலைதூர நிலநடுக்கத்தின் முதன்மை அலை மோகோவைக் கடக்கும்போது ஒரு பங்கு மெதுவான குறுக்கலையாக மாறிப் பின்தங்கி வரும். 35 கிலோமீட்டர் மேலோட்டில் 4 நொடிக்குச் சற்று மேல், 75-இல் 9 நொடிக்குச் சற்று மேல். 2002 முதல் 2005 வரை நேபாளம், திபெத் வழியாக நடந்த 'ஹை-க்ளைம்ப்' ஆய்வு இப்படித்தான் இந்தியாவின் கீழ் மேலோட்டை வட அட்சம் 31 பாகை வரை தொடர்ந்தது.

ஒன்று மட்டும் இழுபறி. தெற்கு திபெத்தின் யாங்பாஜிங் வட்டாரத்தில் 15 முதல் 18 கிலோமீட்டர் ஆழத்தில் மிகப் பிரகாசமான எதிரொலிகள், அதுவும் தலைகீழ் அலைவடிவில். அடியில் இருப்பது மேலே உள்ளதைவிட அலையை மெதுவாகக் கடத்துகிறது, அதாவது ஏதோ திரவம். பாதி உருகிய பாறை என்றார்கள் சிலர். உப்புநீர் என்றார்கள் வேறு சிலர். மின்கடத்துத்திறனை அளந்தபோது அதுவும் அதிகமாகத்தான் இருந்தது. ஆனால் உருகிய பாறையும் உப்புநீரும் இரண்டுமே மின்சாரத்தை நன்றாகக் கடத்துமே!