அட்டாக் இல்லை, ஆனாலும் நடை தளர்வது ஏன்?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்பது உடலின் நோயெதிர்ப்புச் செல்களே நரம்புகளைத் தாக்கும் நோய்; அறிகுறிகள் திடீரெனக் கிளம்புவதைத்தான் 'அட்டாக்' என்கிறார்கள். இந்நோய் உள்ளவர்கள் ஐம்பது வயதை நெருங்கும்போது அடிக்கடி கேட்பது இது: "அஞ்சு வருஷமா அட்டாக் இல்லை. எம்.ஆர்.ஐ.யிலயும் புதுசா எதுவும் இல்லைன்னுட்டாங்க. அப்புறம் ஏன் மாடி ஏற முடியலை?" மருந்து வேலை செய்யவில்லையோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. பெரும்பாலும் மருந்து தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. சேதம் நடப்பது அது எட்டாத இடத்தில்.

இளம் வயது அட்டாக் வெளியிலிருந்து வருவது. ரத்தத்தில் உள்ள டி, பி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் மூளைக்குள் புகுந்து நரம்பிழைகளின் மயலின் உறையைத் தாக்குகின்றன. இன்றைய மருந்துகளில் பெரும்பாலானவை இவற்றைத்தான் தடுக்கின்றன. வயது ஏற ஏற இந்தப் படையெடுப்பு தானாகவே குறைகிறது. ஆனால் கருவிலேயே மூளைக்குள் வந்து குடியேறிய மைக்ரோகிளியா என்ற காவல் செல்களும் கூடவே முதுமையடைகின்றன.

அவற்றின் முக்கிய வேலை, சிதைந்த மயலினை விழுங்கி அப்புறப்படுத்துவது. மயலினில் கொழுப்பு அதிகம், குறிப்பாகக் கொலஸ்டிரால். மூளைச் செல்லால் கொலஸ்டிராலைச் சிதைக்க முடியாது. வெளியே தள்ளத்தான் வேண்டும். இளம் செல் தள்ளிவிடும். முதிய செல் திணறும். முதிய எலிகளில் அது செல்லுக்குள்ளேயே படிகமாக உறைந்து அழற்சியைத் தூண்டுவதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. குப்பை அகலாத இடத்தில் புதிய உறையும் சரியாக உருவாகாது. இந்த முதுமை மீளவே மீளாதது என்று சொல்வதற்கில்லை: 2012-இல் இளம் எலியின் ரத்த ஓட்டத்தோடு முதிய எலியை இணைத்தபோது, அதன் மயலின் சீரமைப்பு மேம்பட்டது. இதெல்லாம் எலியில்தான், மனிதருக்கு மருந்தாக இன்னும் வரவில்லை.

அட்டாக் மூளையில் விட்டுச்சென்ற சில பழைய தழும்புகளின் விளிம்பில் இரும்பு சேர்ந்த மைக்ரோகிளியா வளையமாக நின்று, தழும்பை மெல்ல மெல்ல விரிக்கின்றன. வழக்கமான எம்.ஆர்.ஐ. படங்களில் இந்த வளையம் தெரியாது, இரும்பைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற தனி எம்.ஆர்.ஐ. வரிசை தேவை. "புதிய தழும்பு இல்லை" என்ற அறிக்கை பழையது அமைதியாக இருப்பதற்குச் சான்றல்ல. மூளைக்குள் சென்று மைக்ரோகிளியாவையும் எட்டக்கூடிய டோலிபுருடினிப் என்ற மருந்து, அட்டாக் இல்லாத இரண்டாம் நிலை முற்றும் எம்.எஸ்.-இல் (அட்டாக் கட்டத்துக்குப் பின் மெல்ல மோசமாகும் நிலை) சோதிக்கப்பட்டது. ஆறு மாதம் நீடித்த செயலிழப்பு அதிகரிப்பு போலி மருந்துக் குழுவில் 30.7%, இம்மருந்துக் குழுவில் 22.6%. கல்லீரல் பாதிப்பு அபாயம் உண்டு.

அப்படியானால் அட்டாக்கைத் தடுக்கும் பழைய மருந்தை நிறுத்திவிடலாமா? 55 வயதுக்கு மேல், ஐந்தாண்டு அட்டாக் இல்லாதவர்களிடம் நடந்த டிஸ்கோம்ஸ் ஆய்வில், நிறுத்தியவர்களில் 12 சதவீதத்தினருக்கும் தொடர்ந்தவர்களில் 5 சதவீதத்தினருக்கும் நோய்ச் செயல்பாடு திரும்பியது, பெரும்பாலும் எம்.ஆர்.ஐ.யில் மட்டும். மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். நட்டாலிசுமாப், பிங்கோலிமோட் போன்ற எம்.எஸ். மருந்துகளைச் சட்டென நிறுத்தினால் நோய் சீறி எழலாம்.

வீட்டில் நடையை அளந்து வையுங்கள். தரையில் 25 அடி (7.6 மீட்டர்) குறித்து, அதே செருப்பு, அதே கைத்தடியோடு, பாதுகாப்பாக இயன்ற வேகத்தில் இரண்டு முறை நடந்து, ஆகும் நேரத்தின் சராசரி எடுக்கவும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். நேரம் 20% கூடினால், அதாவது 6 விநாடி 7.2 ஆனால், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

திடீரென மோசமானால் முதலில் காய்ச்சலையும் சிறுநீரையும் பாருங்கள். சிறுநீர்த் தொற்றோ கத்திரி வெயிலோ பழைய அறிகுறிகளைத் தற்காலிகமாகக் கிளப்பிவிடும். தொற்றைக் கவனிக்காமல், அட்டாக்குக்குத் தரும் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றினால் தொற்றுதான் முற்றும். ஆண்டுக்கணக்கில் மெல்லத் தளரும் நடையையும் அந்த டிரிப் நிமிர்த்தாது.