எல்க் மானின் பனிக்காலத் தீவனம் கோடையிலேயே தயாராக வேண்டும்

ஜனவரியில் பனி முழங்கால் உயரம் ஏறியதும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எங்கள் நிலத்தில் எல்க் மான்கள் எலும்பும் தோலுமாக நிற்கின்றன. நாலு கட்டுக் காய்ந்த புல் வாங்கிப் போடட்டுமா?" அமெரிக்காவின் வயோமிங், கொலராடோ மாநில மலையடிவாரங்களில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு மேய்ச்சல் நிலப் பராமரிப்பில் ஆலோசனை சொல்வது என் தொழில். கேட்பவரின் மனசு புரிகிறது. ஆனாலும் தயவுசெய்து போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். கொலராடோவில் அது சட்டப்படியும் குற்றம்.

எல்க் என்னும் இந்தப் பெரிய மான் அசைபோடும் விலங்கு. குளிர்காலத்தில் அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் காய்ந்த புல்லுக்கும் குச்சிக்கும் பழகியிருக்கும். அந்த நேரத்தில் யாராவது இரக்கப்பட்டுப் போட்ட மக்காச்சோளத்தை வயிறு முட்டத் தின்றால் உள்ளே அமிலம் பெருகி, நிறைந்த வயிற்றோடே செத்துப்போகும். மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் பொங்கலை அள்ளிக் கொடுத்து மாட்டைக் கால்நடை மருத்துவரிடம் ஓட்டிப் போகிறோமே, அதே கோளாறுதான்.

'அரசாங்கமே வயோமிங்கின் ஜாக்சன் ஊரில் தீவனம் போடுகிறதே' என்று கேட்பார்கள். உண்மைதான். மான்கள் காலங்காலமாகக் குளிர்காலத்துக்கு இறங்கி வந்த பள்ளத்தாக்கைப் பண்ணைகளும் ஊரும் பிடித்துக்கொண்டன. 1909 முதல் 1911 வரையிலான கடும் குளிர்காலங்களில் எல்க்குகள் கூட்டம் கூட்டமாகப் பட்டினியில் மடிந்தன. அதன் பிறகு, 1912-இல், தேசிய எல்க் சரணாலயம் அங்கே அமைந்தது. இன்றும் கடும் பனியில் குதிரைமசாலில் செய்த குச்சித் தீவனம் அங்கே போடப்படுகிறது. சறுக்கு வண்டியில் போய்ப் பார்த்த நம்மூர்க் குடும்பங்களும் உண்டு. ஆனால் தீவனம் புல்லோ வேறு எதுவோ, ஆயிரக்கணக்கான மான்கள் ஒரே இடத்தில் மூக்கோடு மூக்கு உரசித் தின்றால் கன்று வீச்சு நோய் பரவும். அதைவிட மோசம் சி.டபிள்யூ.டி. என்னும் மெலிவு நோய். மூளையைத் தாக்கும் இதற்கு மருந்தே இல்லை. இதைப் பரப்புவது கிருமி அல்ல, பிரியான் என்ற புரதம்; அது மண்ணில் வருடக்கணக்கில் அழியாது. 2020 டிசம்பரில் பக்கத்து கிராண்ட் டீட்டன் பூங்காவின் எல்க் ஒன்றில் அந்த நோய் உறுதியானது. தீவனம் போடும் நூறு வருடப் பழக்கத்தைச் சட்டென்று நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதை அங்கே பார்க்கிறோம். புதிதாக ஓர் இடத்தில் அதைத் தொடங்கவே கூடாது.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் நிலத்தில் தெற்கு பார்த்த சரிவுகளையும் காற்று பனியை அடித்துக்கொண்டு போகும் மேடுகளையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எல்க்கின் குளிர்காலச் சாப்பாட்டு மேசை அதுதான். கோடை முழுக்க அங்கே மாடு நின்றால் டிசம்பரில் மிச்சம் இருக்காது. மாட்டை அறவே விலக்க வேண்டும் என்றும் இல்லை. வசந்தத்தில் கொஞ்ச நாள் மேயவிட்டு, மண்ணில் ஈரம் இருக்கும்போதே ஓட்டிவிட்டால் புல் மறுபடி துளிர்க்கும். முற்றித் தண்டாகாமல் இளசாகவே காய்வதால் பனிக்காலத்தில் அதில் சத்து அதிகம். ஓரிகன் மாநிலத்தின் பிரிட்ஜ் கிரீக் வனவிலங்குப் பகுதியில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் புதர்கள். பிட்டர்பிரஷ் புதர் ஒன்றின் அருகில் குனிந்து கிளை நுனியைப் பாருங்கள். இந்த வருடத் துளிர் மெல்லிசாக நீண்டிருந்தால் நல்லது. எல்லா நுனியும் கடிபட்டு மொட்டையாகி, புதரே கத்தரித்த வேலிச்செடி மாதிரி இறுகியிருந்தால் நிலம் தாங்குவதைவிட அதிக வாய்கள் மேய்கின்றன. ஆஸ்பென் மரங்களின் வெள்ளைப் பட்டையில் எல்க்கின் தலை உயரம்வரை கறுப்புத் தழும்புகள் தெரியும். பசியில் பட்டையைச் சுரண்டித் தின்ற தடம் அது. பெரிய மரங்களுக்கு நடுவே ஒரு மரக்கன்றுகூட இல்லையென்றால் அந்தத் தோப்புக்கு வாரிசு கிடையாது. ஈரமான மேட்டு நிலமானால், வனத்துறை, தீயணைப்புத் துறை துணையோடு கட்டுப்படுத்தி வைக்கும் தீ ஆஸ்பென்னை வேரிலிருந்து கிளப்பிவிடும். வறண்ட கீழ்ச்சரிவில் மட்டும் வேண்டாம். எரிந்த இடத்தைச் சீட்கிராஸ் என்ற களைப்புல் பிடித்துக்கொள்ளும்.

வேலி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மேல்கம்பி 42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, கீழ்க்கம்பி தரையிலிருந்து 16 அங்குலமாவது மேலே இருக்க வேண்டும். மேலிரண்டு கம்பிகளுக்கு நடுவே 12 அங்குல இடைவெளி விடுங்கள், தாண்டும்போது பின்னங்கால் சிக்காது. வைக்கோல்போரைச் சுற்றி மட்டும் 8 அடி வேலி போடுங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, முன்பு சொன்ன குளிர்கால மேய்ச்சல் சரிவுகளில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள், பனி வண்டியும் ஓட்டாதீர்கள். வயிற்றில் கன்றோடு நிற்கும் எல்க் ஒவ்வொரு முறை மிரண்டு ஓடும்போதும் கோடையில் சேர்த்த கொழுப்பைத்தான் செலவழிக்கிறது.